மோட்டாரைத் தூக்கிப் பூட்டினால் போதுமா? டிரெய்லரில் படகு இழுப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

செட்டிநாட்டுக்குள் கடல் கிடையாது. ஆனால் காரைக்குடியில் விடியலில் புறப்பட்டால் தேவகோட்டை, திருவாடானை வழியாக வெயில் ஏறுவதற்குள் தொண்டிக் கரையில் நிற்கலாம். அதனால்தான் பின்வாசல் கொட்டகையில் சிறிய ஃபைபர் படகு ஒன்றை வைத்துக்கொண்டு, தூண்டில் போட ஆசை வரும்போது ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிறவர்கள் இந்தப் பக்கத்திலும் சிலர் இருக்கிறார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் பழகிய ஊர்களுக்குக் கடற்பயணம் புதிதல்ல. படகைத் தார்ச்சாலையில் இழுத்துப் போவதுதான் புதிது.

அந்தப் புதுமையோடு ஒரு குழப்பமும் சேர்ந்து வந்திருக்கிறது. படகின் பின்னால் தொங்கும் மோட்டாரைப் பயணத்தின்போது எப்படி வைப்பது? "தூக்கிப் பூட்டிவிட்டோம், கிளம்பலாம்" என்பார் ஒருவர். "தூக்கினால் கனமெல்லாம் பின்னால் போய்ப் பலகை பிய்ந்துவிடும், இறக்கியே வையுங்கள்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கடையில் ஒரு தாங்கு கம்பியை வாங்கி மாட்டிவிட்டு, இனிக் கவலை இல்லை என்று நிம்மதியாக இருப்பார். மூவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் மோட்டாரை உடைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எல்லோரும் மோட்டாரின் கனத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியது மோட்டாருக்குக் கிடைக்கும் ஆட்டத்தைப் பற்றி.

மோட்டாரின் உடம்பு

அவுட்போர்டு மோட்டாரை மூன்று பாகமாகப் பார்த்தால் போதும். மேலே மூடிக்குள் என்ஜின் இருக்கிறது. கனத்தில் பெரும்பங்கு இங்கேதான். இதைத் தலை என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நீண்ட கால். காலின் அடியில் கியர் பெட்டியும், படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லரும். புரொப்பல்லருக்கும் கீழே ஓர் அலுமினியத் தகடு நீண்டிருக்கும். ஆழமில்லாத இடத்தில் புரொப்பல்லர் தரையில் மோதுவதற்கு முன் தான் மோதி அடியை வாங்கிக்கொள்வது இந்தத் தகடு. சாலையில் மேடு எதிர்ப்பட்டாலும் முதலில் உரசுவது இதுதான்.

இந்த உடம்பு படகில் எப்படி நிற்கிறது? படகின் பின்புறச் சுவருக்குப் பின்பலகை என்று பெயர். அதன் மேல் விளிம்பை மோட்டாரின் கவ்வி கடித்துக்கொண்டிருக்கும். சிறிய மோட்டாராக இருந்தால் கையால் முறுக்கும் இரண்டு திருகுகளே கவ்வியை இறுக்கிவிடும். பெரியதென்றால் பலகையைத் துளைத்து போல்ட் போட்டிருப்பார்கள். கவ்வியின் மேல் பகுதியில் குறுக்காக ஒரு குழாய் ஓடுகிறது. அதுதான் சாய்வு அச்சு. மோட்டாரைத் தூக்கும்போது அது இந்தக் குழாயைச் சுற்றித்தான் திரும்புகிறது: கால் பின்பக்கமாக மேலே எழும், தலை முன்பக்கமாகப் படகுக்குள் குனியும்.

தூக்கிய மோட்டார் மறுபடி விழாமல் நிறுத்துவதற்கு ஒரு சின்ன நெம்பு அல்லது கொக்கி இருக்கும். இது சாய்வுப் பூட்டு. குனிந்து அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் விரல் பருமன்தான் இருக்கும்.

அந்தப் பூட்டு எதற்காக

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். தொண்டி, எஸ்.பி.பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுகிலும் தண்ணீருக்குள் வெகுதூரம் நடந்தே போகலாம். கரையை நெருங்கும்போது புரொப்பல்லர் மணலில் இடிக்காமல் இருக்க மோட்டாரைத் தூக்கிப் பூட்டிவிட்டு, படகைத் தள்ளிக்கொண்டோ கழியால் ஊன்றிக்கொண்டோ வருவார்கள். கட்டிப்போட்ட படகில் புரொப்பல்லர் உப்புத் தண்ணீரில் ஊறாமல் இருக்கவும் இதே பூட்டுதான். இரண்டு வேலையிலும் படகு தண்ணீரின் மேல் மெதுவாக அசைகிறதே தவிர, அடி எதுவும் விழுவதில்லை. விரல் பருமன் கொக்கி அதற்குத் தாராளமாகப் போதும்.

கரையில் காலமெல்லாம் சரியாக வேலை செய்த ஒன்று சாலையிலும் வேலை செய்யும் என்று நினைப்பது இயல்பு. தவறு பிறக்கும் இடமும் அதுதான். யமஹா போன்ற நிறுவனங்களின் கையேட்டிலேயே இதைத் தெளிவாக எச்சரித்திருக்கிறார்கள்: டிரெய்லரில் இழுக்கும்போது சாய்வுப் பூட்டை நம்பாதீர்கள், அதிர்வில் விடுபட்டு மோட்டார் விழக்கூடும். மோட்டாரை ஓடும் நிலையில், அதாவது இறக்கிய நிலையிலேயே கொண்டுபோங்கள். தரைக்கு இடைவெளி போதாவிட்டால் தனியாக ஒரு தாங்கி வைத்துத் தூக்குங்கள். மோட்டார் வாங்கியவர்கள் கையேட்டைப் பிரிப்பதே இல்லை என்பது வேறு கதை.

பஸ்ஸில் தொங்கும் பை

தேவகோட்டை டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். கையில் 5 கிலோ அரிசிப் பை. பஸ் சீராக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பை ஒரு கணம் மேலே எகிறுகிறது, அடுத்த கணம் விழுகிறது. அப்போதுதான் பையின் காது விரலை அறுக்கிறது. மட்டமான பையென்றால் காதே பிய்ந்துவிடும். அதே பையை உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டவருக்கு அந்தக் குலுக்கலில் ஒன்றும் ஆவதில்லை. அரிசியின் எடை இருவருக்கும் 5 கிலோதான்.

இருவருக்கும் இடையே வேறுபாடு இரண்டு. ஒன்று, பைக்கு எகிற இடம் கிடைத்தது. மற்றொன்று, விழுந்த அடி முழுவதும் மெல்லிய ஒரு காதில் இறங்கியது.

தூக்கிப் பூட்டிய மோட்டாருக்கும் நடப்பது இதுதான். சாய்வுப் பூட்டு மோட்டார் கீழே விழுவதை மட்டுமே தடுக்கிறது. மேலே எகிறுவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. டிரெய்லரின் சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது படகு சட்டென்று கீழே போய்த் திரும்புகிறது. நீண்ட காலும் அதன் நுனியில் கியர் பெட்டியும் உள்ள மோட்டார் அந்த வேகத்துக்கு உடனே ஈடுகொடுக்க முடியாமல் பூட்டைவிட்டு ஒரு மயிரிழை எழும்பி, மறுபடி அதன் மேலேயே வந்து உட்காருகிறது.

மயிரிழைதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு சிறு கணக்குப் போடலாம். 20 கிலோ எடை 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. விழுந்த இடம் கெட்டியான உலோகம் என்பதால் 1 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. விழும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் அந்த 1 மில்லிமீட்டருக்குள் தீர்ந்தாக வேண்டும். அப்படியானால் அந்த நேரத்தில் தாங்கும் இடத்தின் மேல் இறங்கும் சராசரி விசை, எடையைப் போல 11 மடங்கு. 220 கிலோவைத் தூக்கி வைத்ததற்குச் சமம். அது விரல் பருமன் கொக்கியில் இறங்குகிறது. ஒரு குழியில் உடைந்துவிடாது. ஆனால் தொண்டி போய்ச் சேர்வதற்குள் எத்தனை குழி, எத்தனை ஊர் வாசலில் எத்தனை வேகத்தடை!

இந்த அடி விட்டுப்போகும் தடயத்தைக் கண்ணால் பார்க்கலாம். அடிக்கடி பூட்டுப் போட்டு இழுக்கப்பட்ட மோட்டாரில், பூட்டின் முள் வந்து உட்காரும் துளையைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கிரீஸோடு கலந்து கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பசை துணியில் ஒட்டும். விரலால் நசுக்கினால் நுண்ணிய மணல்போல நெருடும். அது துரு அல்ல, அலுமினியம் அரைபட்டு வந்த தூள். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவத்துக்கு மாறியிருக்கும். அந்தத் தேய்மானத்தால் ஆட்டம் கூடுகிறது, ஆட்டம் கூடியதால் அடி கூடுகிறது. பிறகு ஒரு நாள் துளையின் ஓரத்தில் தலைமுடிபோல ஒரு விரிசல் தெரியும். அதற்குமேல் துளை இருக்கும் அந்த பிராக்கெட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சாய்வுப் பூட்டு தண்ணீரில் நிற்கும் படகுக்கானது. சாலையில் மோட்டார் அதன் மேல் எகிறி எகிறி விழுகிறது. உடைப்பது எடையைவிட அந்தச் சிறு இடைவெளிதான்.

பின்பலகை உண்மையிலேயே பிய்ந்துவிடுமா?

மோட்டாரைத் தூக்கினால் கனம் பின்னால் தள்ளிப்போய்ப் பின்பலகையை நெம்பிவிடும் என்பது பரவலான பயம். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. கால் அவ்வளவு தூரம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே! ஆனால் கால் பின்னால் எழும்போது, கனமான தலை முன்னால் குனிந்துவிடுகிறது. ஒன்று பின்னால் போக மற்றொன்று முன்னால் வருவதால், மோட்டாரின் மொத்தக் கனம் கண் நினைக்கும் அளவுக்குப் பின்னால் போவதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கடலில் மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது புரொப்பல்லரின் தள்ளுவிசை முழுவதும் இந்தப் பலகை வழியாகத்தான் படகுக்குப் போகிறது. அப்போது கவ்வியின் மேல் பகுதி பலகையைப் பின்னால் இழுக்கிறது, கீழ்ப்பகுதி முன்னால் அழுத்துகிறது. சும்மா தொங்கும் மோட்டாரின் கனமும் பலகையை முறுக்குவது இதே திசையில்தான். மணிக்கணக்கில் அலையில் இந்த முறுக்கைத் தாங்குவதற்காகவே கட்டப்பட்ட பலகை, நல்ல நிலையில் இருந்தால், சாலையிலும் தாங்கும். ஆகவே மோட்டாரைத் தூக்கி இழுத்ததாலேயே நல்ல பின்பலகை பிய்ந்தது என்று யாராவது சொன்னால், அது உண்மையில் நல்ல பலகையாக இருந்ததா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஏனென்றால் பல ஃபைபர் படகுகளில் பின்பலகைக்குள் இருப்பது ஒட்டுப்பலகை. மேலே ஃபைபர் பூச்சு, உள்ளே மரம். நம் வீட்டுப் பட்டாலைத் தூணில் நிற்பது போன்ற பர்மா தேக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு திருகுத் துளையின் ஓரத்தில் பூச்சு விட்டுப்போனால் போதும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் உள்ளுக்குள் இற்றுப்போகும்; வெளியே வெள்ளை வெளேரென்று பளபளத்துக்கொண்டிருக்கும். ஒரு ஸ்பேனரின் பின்புறத்தால் பலகையை ஓரத்திலிருந்து நடு வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக், டக்' என்று இறுக்கமாகப் பேசும். இற்ற இடத்தில் சத்தம் 'தொப்'பென்று அமுங்கும். பிறகு மோட்டாரின் காலைப் பிடித்து மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். கவ்வியோடு சேர்ந்து பலகையும் நெளிகிறதா என்று பாருங்கள். நெளிந்தால் உங்களுக்குத் தேவை தாங்கு கம்பியல்ல, படகுப் பட்டறை.

தாங்கு கம்பி எப்படி வேலை செய்கிறது

தாங்கு கம்பி என்பது ஒரு முனையில் 'வி' வடிவத்தில் ரப்பர் ஒட்டிய கவையும், மறுமுனையில் டிரெய்லரின் பின் குறுக்குச் சட்டத்தில் பொருந்தும் ஒரு பிடியும் கொண்ட உலோகக் குழாய். கடையில் டிரான்ஸம் சேவர் என்று கேட்க வேண்டும். இங்கே கிடைக்காவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு சதுரக் குழாய்களை வைத்து வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதியாகத் துளை போட்டு முள் மாட்டினால் சரி. கவைக்குப் பழைய டயர் ரப்பர் போதும். டிரெய்லர் துத்தநாகம் பூசியதாக இருந்தால் பிடியைச் சட்டத்தோடு வெல்டிங் வைக்க வேண்டாம், யூ போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். கடற்கரைக்குப் போகும் வண்டியில் முதலில் துருப்பிடிப்பது அந்த இடம்தான். எரியும்போது வரும் புகையும் வெல்டருக்கு நல்லதில்லை.

மாட்டும் முறை இப்படி. மோட்டாரை முழுவதுமாகத் தூக்கி, கவையைக் காலின் அடியில், கியர் பெட்டியின் முன்பக்கம் பதியுமாறு வைக்க வேண்டும். புரொப்பல்லரிலோ, அடித்தகட்டிலோ, புரொப்பல்லருக்கு மேலே அகலமாக இருக்கும் தட்டிலோ வைக்கக் கூடாது. அவை சுமை தாங்குவதற்கானவை அல்ல. பிறகு மோட்டாரை மெல்ல இறக்கி, கவையின் மேல் லேசாக அழுந்தி உட்காரும்படி விட வேண்டும். கடைசியாக ஒரு ராட்செட் பட்டையால் (நெம்பை ஆட்டி இறுக்கும் நாடா) காலையும் கவையையும் சேர்த்து இறுக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பட்டையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கம்பியைவிட முக்கியம் பட்டை. கவை மோட்டார் கீழே வருவதைத் தடுக்கிறது, பட்டை மேலே எகிறுவதைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இடைவெளி சுழியம். பட்டை இல்லாத கம்பியின் மேலும் மோட்டார் குதித்துக்கொண்டுதான் இருக்கும். இடம் மாறியதே தவிர அடி நிற்கவில்லை.

எவ்வளவு உயரத்தில் வைப்பது? வேகத்தடையைத் தாண்டும் அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நம் கிராமத்துச் சாலைகளில் இருப்பவை அந்த வரையறையைப் படித்துவிட்டுப் போட்டவை அல்ல. மோட்டார் டிரெய்லரின் சக்கரத்துக்கு வெகுவாகப் பின்னால் தொங்குகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்பக்கம் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் தாழும். தரையில் நின்றபோது 25 சென்டிமீட்டர் இருந்த இடைவெளி, கடற்கரைச் சரிவில் வெகுவாகக் குறைந்துவிடலாம்.

படகைக் கட்டாமல் கம்பி வைத்தால்

தாங்கு கம்பியே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் இதுதான்.

கம்பியின் ஒரு முனை டிரெய்லரில், மறுமுனை மோட்டாரில். மோட்டாரோ படகில் இருக்கிறது. அதாவது டிரெய்லரும் படகும் ஒன்றாக அசைந்தால்தான் கம்பிக்கு வேலை அமைதியாக நடக்கும். பலர் படகின் முன்பக்கத்தை மட்டும் வின்ச்சில் (டிரெய்லரின் முன்னால் உள்ள, சுற்றி இழுக்கும் உருளை) இழுத்துக் கட்டிவிட்டு, பின்பக்கத்தைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். குழியில் டிரெய்லர் எகிறும்போது படகின் பின்பக்கம் அதைவிட்டு எழும்பித் திரும்பி விழுகிறது. விழும்போது கீழே இருந்து கம்பி மோட்டாரைக் குத்துகிறது. படகின் எடையில் ஒரு பங்கு அந்தக் குத்தில் சேர்ந்துகொள்கிறது. அது கம்பி வழியாக மோட்டாரின் கால், சாய்வு அச்சு, கவ்வி என்று ஏறி பின்பலகைக்குப் போகிறது. கம்பி இல்லாமல் இருந்திருந்தாலே பரவாயில்லை என்ற நிலை.

ஆகவே கம்பி மாட்டுவதற்கு முன் படகின் பின்பக்கத்தை இரண்டு பக்கமும் பட்டை போட்டு டிரெய்லர் சட்டத்தோடு இறுக்கிவிட வேண்டும். பின்பலகையின் வெளிப்பக்கத்தில் இதற்காகவே இரண்டு வளையங்கள் இருக்கும். தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், நைலான் கயிறும் வேண்டாம். இரண்டும் போகப் போக நெகிழும். ராட்செட் பட்டைதான் சரி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரம்கட்டி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புதிதாகக் கட்டிய பட்டை முதல் குலுக்கலில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

சுருக்கமாக: முதலில் படகை டிரெய்லரோடு ஒன்றாக்க வேண்டும், பிறகு மோட்டாரைக் கம்பியோடு ஒன்றாக்க வேண்டும். வரிசை மாறினால் கம்பியே எதிரியாகிவிடும்.

கம்பிக்குப் பதில் ஒரு கட்டை

இன்னொரு வழி உண்டு, செலவும் குறைவு. மோட்டாரைத் தூக்கியதும் கவ்விக்கும் மோட்டாரின் சுழலும் பகுதிக்கும் நடுவே ஓர் இடைவெளி திறக்கும். அதற்கு அளவாக வேங்கையிலோ தேக்கிலோ ஒரு கட்டையைச் செதுக்கி வைத்து, மோட்டாரை அதன் மேல் இறக்கி, காலைப் பட்டையால் படகின் பின்பக்க வளையங்களுக்கே கீழ்நோக்கி இழுத்துக் கட்டிவிடலாம். மோட்டார் தன் கவ்வியோடு கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. டிரெய்லரோடு எந்தத் தொடர்பும் இல்லாததால், கீழிருந்து குத்தும் பிரச்சினையும் இல்லை. எடை பலகைக்குத்தான் போகிறது; பலகை நன்றாக இருந்தால் அதில் தவறில்லை என்று மேலே பார்த்தோம். கட்டையில் ஒரு துளை போட்டுக் கயிற்றால் படகோடு கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் திருவாடானைச் சாலையோரத்தில் கட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பொத்தானை அழுத்தினால் எண்ணெய் அழுத்தத்தில் தானே எழும் பெரிய மோட்டார்களுக்கும் இந்தக் கட்டை முறையோ கம்பி முறையோ வேண்டும். எண்ணெய்தான் தாங்குகிறதே என்று விடக் கூடாது. நீருக்கடியில் எதிலாவது மோதினால் மோட்டார் எழும்பட்டும் என்பதற்காக அதில் அதிர்ச்சி வால்வு வைத்திருப்பார்கள். எகிறும் வேகம் கூடினால் அது திறந்துகொள்ளும். ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் வழியிலேயே மெல்ல இறங்கியும் விடும்.

நம் பக்கத்துக்கு நான் சொல்வது: கழற்றி விடுங்கள்

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்தக் கரையில் சிறு படகுகளில் அதிகம் காண்பது 10 குதிரைத்திறனுக்கு உட்பட்ட மோட்டார்கள்தான். எடை பெரும்பாலும் 45 கிலோவுக்குள்தான். தொண்டிப் பக்கம் மீனவர்கள் கரைக்கு வந்ததும் இரண்டு திருகைத் தளர்த்தி, மோட்டாரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். நமக்கு அந்தத் தோள் இல்லாவிட்டாலும் இரண்டு பேர் சேர்ந்தால் முடியும். மோட்டார் படகிலேயே இல்லை என்றால் அதை எப்படித் தாங்குவது என்ற கேள்வியே இல்லை. டிரெய்லரின் பின்பக்கக் கனமும் குறைகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 100-க்கு 5 முதல் 10 பங்கு முன்கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது பொதுவான அளவு; பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் லேசாகி, வேகமாகப் போகும்போது டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும்.

கழற்றிய மோட்டாரை எப்படிப் படுக்க வைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். முதலில் சில நிமிடம் செங்குத்தாகப் பிடித்துக் குளிர்ச்சிக்காக ஓடிய தண்ணீர் முழுவதும் வடியவிட வேண்டும். படுக்க வைத்த பிறகும் தலை எப்போதும் காலைவிட உயரமாக இருக்கட்டும். கால் உயர்ந்துவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் உப்புத் தண்ணீர் புகை வரும் வழியாகத் திரும்பி ஓடி என்ஜினுக்குள் போய்விடும். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) மோட்டாருக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. அதன் அடியில் என்ஜின் எண்ணெய் தேங்கியிருப்பதால் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பதை உறையிலோ கையேட்டிலோ குறித்திருப்பார்கள். மாற்றிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இரண்டு வீச்சு மோட்டாரில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருவதால் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, தொட்டி மூடியின் காற்றுத் திருகை இறுக்கிவிடுங்கள். வெயிலில் மூடிய வண்டிக்குள் பெட்ரோல் ஆவி சேர்வது விளையாட்டல்ல. அடியில் ஒரு பழைய மெத்தை விரித்தால் நல்லது.

சில மோட்டார்களைக் கழற்ற முடியாது. கம்பியும் பட்டையும் அவற்றுக்குத்தான்.

புறப்படும்போதும் கரையிலும்

மோட்டார் இடவலமாகத் திரும்பாதபடி கைப்பிடியை நடுவில் நிறுத்திக் கட்டுங்கள். திருப்பங்களில் கால் ஊசலாடினால் கவையிலிருந்து நழுவும். புரொப்பல்லர் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் மேல் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றுங்கள். பைக்கில் பின்னால் வருபவரின் கண் மட்டத்தில் இருக்கிறது அந்த விசிறியின் இறக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு வாகனமே. பதிவு வேண்டும், பின்விளக்கும் வேண்டும். தூக்கிய மோட்டார் அந்த விளக்கை மறைக்கிறதா என்று பின்னால் போய் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்ததும் அவிழ்க்கும் வரிசை, கட்டிய வரிசைக்கு நேர் எதிர். முதலில் மோட்டாரின் பட்டை, பிறகு மோட்டாரைச் சற்றுத் தூக்கித் தாங்கு கம்பி, அதன் பிறகு படகின் பின்பக்கப் பட்டைகள். வின்ச்சை மட்டும் படகு தண்ணீரில் மிதக்கும்வரை விடக் கூடாது. கம்பியை எடுக்க மறந்து படகை இறக்கினால், படகு பின்னோக்கி நகரும்போது கம்பி டிரெய்லருக்கும் மோட்டாருக்கும் நடுவே சிக்கி மோட்டாரை நெம்பும். வழி முழுவதும் காப்பாற்றி வந்த பிராக்கெட் அந்த ஒரு நெம்பலில் போய்விடும். மோட்டாரை இறக்கும்போது சாய்வுப் பூட்டை விடுவிக்க மறக்க வேண்டாம். திரும்பி வந்ததும் கம்பி, முள், யூ போல்ட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். கவையின் ரப்பர் வெடித்து உலோகம் வெளியே தெரிந்தால் அந்தப் பயணத்தோடு அதை மாற்றிவிடலாம்; பழைய டயர்த் துண்டுக்கு எந்தப் பஞ்சர் கடையிலும் காசு கேட்க மாட்டார்கள்.